பிரசவ வகுப்பு நடத்தப் பழக்குவது எங்கே: பயிற்சிக்கூடத்திலா, நிஜத் தம்பதிகள் முன்னாலா?

சிங்கப்பூரில் மகப்பேற்றுத் தாதிமை படிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே பதிவுபெற்ற தாதியர். ஊசி போடவோ குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கவோ அவர்கள் கை தயங்குவதில்லை. அவர்களையே பத்துத் தம்பதிகள் முன்னால் நிறுத்தி, இடுப்பு வலி எப்படித் தொடங்கும் என்று சொல்லச் சொன்னால் ஸ்லைடைப் பார்த்து வாசிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். இதைப் பழக்க நாலு வழிகள் உண்டு. நாலும் ஒரே விலைக்குப் போகிற சரக்கல்ல.

முதலாவது, பின்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பது. ஏற்பாடு செய்ய மிக எளிது, பலனும் மிகக் குறைவு. மாணவி தலையாட்டிக் கேட்டுவிட்டு, தனக்கும் வந்துவிட்டது என்று நினைத்துப் போய்விடுவார். பார்க்கத்தான் வேண்டும் என்றால் கையில் ஒரு தாளைக் கொடுங்கள். வகுப்பெடுப்பவர் இடைவிடாமல் பேசியது அதிகபட்சம் எத்தனை நிமிடம், முதல் கேள்வி எப்போது வந்தது, கணவர்களில் எத்தனை பேர் வாய் திறந்தார்கள் என்று மூன்றே கட்டங்கள். இரண்டு மணி நேரம் போதும், அதற்கு மேல் வீண்.

அடுத்தது பயிற்சிக்கூடம்: சக மாணவர் முன்னால் பத்து நிமிடக் குறுவகுப்பு, கைத்தொலைபேசியில் பதிவு, பிறகு அலசல். ஒரு குழுவில் ஆறு பேருக்கு மேல் வேண்டாம். செய்து காட்டும் வித்தைகளைக் கைக்குக் கொண்டுவர இதை விட நல்ல இடம் இல்லை. பலூனும் பிங்பாங் பந்தும் வைத்துக் கருப்பை வாய் திறப்பதைக் காட்டுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்கச் சுலபம், சொதப்பவும் சுலபம். 40 மில்லிமீட்டர் பந்தை ஊதாத பலூனுக்குள் நுழைக்க இரண்டு பேர் பலூனின் கழுத்தை (இதுதான் கருப்பை வாய்) விரித்துப் பிடிக்க வேண்டும். சிறிய தேங்காய் அளவுக்கு ஊதி, முடிச்சுப் போடாமல் கவிழ்த்தால் பந்து கழுத்தில் வந்து அடைத்துக்கொள்ளும், காற்றும் நிற்கும். பக்கவாட்டில் அழுத்தினால் கழுத்தில் மாற்றம் இருக்காது. அது சூட்டு வலி, அதாவது பொய் வலி. மேலிருந்து அழுத்தினால் கழுத்து முதலில் குட்டையாகி மெலியும், பிறகுதான் திறக்கும். தலைப்பிரசவத்தில் பெரும்பாலும் இதே வரிசைதான்.

தவறு எங்கே வரும்? அதிகம் ஊதினால் கழுத்தே மிஞ்சாது. புதுப் பலூன் விறைப்பாக இருக்கும், முன்கூட்டியே இரண்டு மூன்று தடவை ஊதித் தளர்த்த வேண்டும். உள்ளங்கையால் கழுத்தை மறைத்துவிட்டால் எதிரில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. பெரிய தவறு வேறு: பதற்றத்தில் ஒரேயடியாக அழுத்தி, இருபது விநாடியில் பந்தை வெளியே தள்ளிவிடுவது. "முதல் பிரசவத்துக்குப் பல மணி நேரம் ஆகும்" என்று வாய் சொல்ல, கை வேறொன்றைச் சொல்லும். அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு, விடுகிற இடைவெளியில்தான் பேச வேண்டும். ரப்பர் ஒவ்வாமை யாருக்காவது உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பிரசவ வலியைக் குறைக்கும் கேஸ் முகமூடியும் கூடத்தில் பழக வேண்டியதுதான். பாதி நைட்ரஸ் ஆக்ஸைடு, பாதி ஆக்ஸிஜன்; வேலை செய்ய ஏறத்தாழ அரை நிமிடம் பிடிக்கும். வலி உச்சத்துக்கு வந்த பிறகு இழுத்தால் அது இறங்கும்போதுதான் கேஸ் ஏறும். 60 விநாடிக் கடிகாரத்தை ஓடவிட்டு, வலி கிளம்பும் நொடியில் மூச்சிழுக்கச் சொல்லிப் பழக்கினால் புரிந்துவிடும்.

ஆனால் கூடத்தில் யாருக்கும் வயிறு இல்லை, பயமும் இல்லை. மூச்சுப் பயிற்சிக்கு எல்லாரையும் மல்லாக்கப் படுக்கச் சொல்வார் மாணவி, தோழிகளும் படுத்துவிடுவார்கள். 34 வார வயிற்றோடு அப்படிப் படுத்தால் கருப்பையின் எடை பெரிய இரத்தக்குழாயை அழுத்தித் தலைசுற்றலாம். ஒருக்களித்துத்தான் படுக்க வேண்டும். தோழிகள் கேட்கும் கேள்விகளும் பரீட்சைக் கேள்விகளே.

மூத்த தாதியோடு சேர்ந்து நிஜ வகுப்பில் பதினைந்து நிமிடம் பேசுவது மூன்றாவது வழி. என் ஓட்டு இதற்குத்தான். கணவருக்கு வேலை என்று மாமியார் துணைக்கு வந்திருப்பார். "பிறந்ததும் சேனை வைக்கலாமா? பத்தியத்தில் தண்ணியைக் குறைக்கணுமே?" என்று கேட்பார். மாணவிக்கு உடனே மறுக்கத் தோன்றும், மறுத்தால் அந்த அம்மா அதோடு காதை மூடிக்கொள்வார். பூண்டுக் குழம்பு தாராளமாகச் சாப்பிடட்டும் என்று சொல்லிவிட்டு, பால் கொடுப்பவர் தாகத்துக்குக் குடிக்கத்தான் வேண்டும், ஒரு வயதுக்குள் தேன் நாக்கில் படவே கூடாது, சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம் என்று காரணத்தோடு சொல்ல வேண்டும். இந்த வரிசையைக் கூடத்தில் யாரும் கற்றுக்கொள்வதில்லை.

வார்த்தையும் இங்கேதான் பிடிபடும். ஆங்கிலத்தில் படித்த தமிழ் மாணவி விட்டு விட்டு வரும் பிரசவ வலியை (contraction) "சுருக்கம்" என்பார். கேட்பவர் முகச் சுருக்கத்தை நினைப்பார். "தள்ளுங்க" என்றால் எதை என்று விழிப்பார், "முக்குங்க" என்றால் புரியும்.

இதிலும் ஆபத்து உண்டு. ஐந்து நிமிடத்துக்கு ஒரு வலி, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், ஒரு மணி நேரமாக அப்படியே வந்தால் கிளம்புங்கள் என்ற விதியை மாணவி எல்லாருக்கும் சொல்லிவிடுவார். இரண்டாவது பிரசவத்துக்கு அது தாமதம். பனிக்குடம் உடைந்தாலோ, இரத்தம் பட்டாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ விதி எதுவும் கிடையாது, உடனே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். இதனால்தான் மூத்தவர் அறையை விட்டுப் போகக்கூடாது. குறுக்கிடவும் கூடாது, மாணவி முடித்ததும் "இன்னும் ஒன்று" என்று சேர்த்தால் போதும்.

பன்னிரண்டு மணி நேரம்தான் கிடைக்கிறதா? பார்ப்பதற்கு இரண்டு, கூடத்துக்கு நாலு, மீதி ஆறும் நிஜ வகுப்புக்கு.

ஸூம் வகுப்பு கடைசி. 2025 ஏப்ரல் முதல் தந்தையர் விடுப்பு நாலு வாரம் என்றாகிவிட்டதால், குளிப்பாட்டுவதையும் நேப்பி மாற்றுவதையும் அப்பாக்களுக்குச் சொல்லித் தரத் தனி நேரம் தேவைப்படுகிறது. இரவு எட்டரைக்கு வீட்டிலிருந்தே சேர முடிவது அவர்களுக்கு வசதி. மாணவிக்குத்தான் இது மோசமான பள்ளிக்கூடம்: பாதிப் பேர் கேமராவை அணைத்திருப்பார்கள், புரிந்ததா என்று எந்த முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வது? நேரில் நாலு வகுப்பாவது எடுத்த பிறகு அனுப்புங்கள். அப்போதும் இன்னொரு மாணவி சாட் பெட்டியில் வரும் கேள்விகளைக் கவனிக்கட்டும், குளிப்பாட்டிக் காட்டும் பொம்மைக்கு மேலே இரண்டாவது கேமரா இருக்கட்டும். முன் கேமராவில் தெரிவது குளிப்பாட்டுகிறவரின் முகம்தான், குழந்தையின் தலையைத் தாங்கும் கை அல்ல.