மான்டெலுகாஸ்ட் மெல்லும் மாத்திரை: இருமல் அடங்கியது, உறக்கம் போயிற்று

ஆடி மாதத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியே இறங்கும் காற்று, குற்றாலத்துக்குச் சாரலைக் கொடுத்துவிட்டு, பாளையங்கோட்டைக்கு வெறும் புழுதியாகவே வந்து சேர்கிறது. ஐந்து வயதான எங்கள் மகளுக்கு வீசிங் கூடுவதும் அந்த மாதத்தில்தான். சென்ற ஆடியில் இரண்டு முறை நள்ளிரவில் நெபுலைசர் (மருந்தைப் புகைபோல மூச்சில் ஏற்றும் கருவி) வைப்பதற்காக அவளைத் தூக்கிக்கொண்டு ஓடிய பிறகு, மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்து மான்டெலுகாஸ்ட் 4 மில்லிகிராம் மெல்லும் மாத்திரை. பல நிறுவனங்கள் பல பெயர்களில் விற்கும் மருந்து இது என்பதால், பெயர்களை விட்டுவிட்டு மருந்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கொடுப்பதற்கு இதைவிட எளிதான மருந்து கிடையாது. நாளுக்கு ஒன்று, மாலையில் கொடுத்தால் போதும். 6 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு 5 மில்லிகிராம். சிரப் பாட்டிலைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும் எங்கள் மகள், இனிப்பாக இருந்ததால் இந்த மாத்திரையைத் தானே கேட்டு வாங்கி மென்றாள். மூச்சுக்குழாயை வீங்கவும் சுருங்கவும் செய்யும் லூக்கோட்ரியீன் என்ற பொருளின் வேலையை இது தடுக்கிறது. திடீரென்று மூச்சு இரைக்கும் நேரத்தில் இது உதவாது, அதற்கு மூச்சுக்குழாயை உடனே விரிக்கும் சால்பூட்டமால்தான் வேண்டும். ஒரு வாரத்தில் இரவு இருமல் நன்றாகக் குறைந்துவிட்டது என்பதையும் நான் மறைக்கக் கூடாது.

பதினோராம் நாள் இரவு ஒரு மணிக்கு அவள் எழுந்து உட்கார்ந்து, கண்ணைத் திறந்தபடியே மின்விசிறியைக் காட்டி அழுதாள். என்னைப் பார்த்தும் யாரென்று தெரியாதவள் போலச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அடுத்தடுத்த இரவுகளிலும் அதே நேரத்துக்கு அதே அழுகை. பகலில் செருப்பின் வார் மாட்டவில்லை என்பதற்காகத் தம்பியைக் கடித்தாள்; பல் பதிந்த தடம் மறுநாள் வரை அவன் கையில் இருந்தது. ஆச்சி, “பிள்ள எதையோ கண்டு பயந்திருக்கு, இசக்கியம்மன் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி திருநீறு போட்டுட்டு வாங்க” என்றார்கள். போய் வந்தோம். திருநீற்றின் மேல் எனக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை. ஆனால் அன்று மாலையும் அந்த மாத்திரையைக் கொடுத்தோம் என்பதுதான் இப்போது உறுத்துகிறது.

கண்டுபிடித்தது என் மனைவி. எத்தனை முறை இருமினாள், எப்போது இன்ஹேலர் பஃப் கொடுத்தோம் என்று நாட்காட்டியின் பின்புறத்தில் குறித்து வந்தவள், அழுகை தொடங்கிய நாளுக்கு முன்னால் புதிதாகச் சேர்ந்தது இந்த மாத்திரை ஒன்றே என்று காட்டினாள். முன்பு ஐந்து நாள் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கொடுத்தபோதும் உறக்கம் கெட்டது உண்டு. காலையில் கொடுக்கத் தொடங்கியதும் அது சரியாயிற்று. சால்பூட்டமால் கொடுத்தால் கை நடுங்கும், ஓரிடத்தில் உட்கார மாட்டாள்; சில மணி நேரத்தில் தணிந்துவிடும். இது அந்த இரண்டிலும் சேராத வேறு வகை.

கெட்ட கனவு, தூக்கத்தில் நடப்பது, மூர்க்கம், மனச்சோர்வு, அரிதாகத் தற்கொலை எண்ணம் வரை இந்த மருந்தால் வரலாம் என்பதற்காக, அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020 மார்ச்சில் தனது மிகக் கடுமையான கட்டமிட்ட எச்சரிக்கையை இதற்கு அளித்திருக்கிறது. எழுதிக்கொடுத்தபோது எங்களிடம் யாரும் இதைச் சொல்லவில்லை. அட்டையை வெட்டி ஐந்து மாத்திரையாகக் கொடுக்கும் கடையில், பெட்டிக்குள் இருக்கும் தாளும் நம் கைக்கு வராது. எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படி ஆவதில்லை என்பது உண்மை. பலருக்கு எந்தத் தொல்லையும் இல்லாமல் ஒத்துப்போகிறது. ஆனாலும் முதல் மாத்திரைக்கு முன்பே பெற்றோரிடம் சொல்ல வேண்டிய செய்தி இது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

மருத்துவரை அழைத்துச் சொன்னதும், அன்றே நிறுத்தச் சொல்லிவிட்டார். ஒரு வாரத்துக்குள் விடியும்வரை உறங்கினாள். நிறுத்திய பிறகும் சிலருக்கு இந்தத் தொல்லை நீடிப்பதுண்டு என்பதால், இதை எங்கள் நல்லூழ் என்றே கொள்கிறேன். இப்போது ஸ்பேசர் என்ற மூச்சிழுக்கும் குழாயை வைத்து பியூடெசோனைடு என்ற ஸ்டீராய்டு இன்ஹேலர்; ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளிக்க வைக்க வேண்டும், மாத்திரையின் எளிமை இதில் இல்லை. மாத்திரைக்கு ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் தருவேன்; அந்த இரண்டும் இருமலை அடக்கியதற்கு.

ஐப்பசி மழையில் அவளுக்குச் சளி பிடித்தபோது, வேறொரு மருத்துவரிடம் காட்டி ஒரு சிரப் வாங்கினோம். வீட்டுக்கு வந்து லேபிளில் பொடி எழுத்தைப் படித்தால், லெவோசெட்ரிசின் என்ற ஒவ்வாமை மருந்துடன் சேர்ந்து அதே மான்டெலுகாஸ்ட். மூடியைத் திறக்காமல் திருப்பிக் கொண்டுபோனேன். “இது சாதாரணச் சளி மருந்துதானே சார்” என்ற கடைக்காரர், நான் விரலால் காட்டிய வரியைக் கண்ணாடி மாட்டிப் படித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டார். மான்டெலுகாஸ்ட் என்ற பெயரை அவளுடைய மருத்துவக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதி வைத்திருக்கிறோம்.