க்ளாஷ் ஒஃப் க்ளான்ஸ்: ஆட்டம் சோக்கு, கிளான் நிர்வாகம் சொதப்பல்

ஊர் கட்டி, படை சேர்த்து, மற்றவன்ர ஊரைத் தாக்குகிற க்ளாஷ் ஒஃப் க்ளான்ஸ், 2012இல் ஐபோனுக்கும் அடுத்த வருடம் அன்ட்ரொயிட்டுக்கும் வந்த ஆட்டம், இன்னும் யாழ்ப்பாணத்துப் பொடியளின் போனில் கிடக்கிறது என்றால், அதற்குக் காரணம் கிளான், அதாவது ஆட்டக்காரர் சேர்ந்து அமைக்கிற குழுதான். 50 பேர் சேரலாம். எங்கட பக்கத்துக் கிளான்களில் பாதிப்பேர் கொக்குவில், நெல்லியடி, சாவகச்சேரி என்று இருப்பார்கள். மிச்சப்பேர் லண்டன், பாரிஸ், ரொறன்ரோ. ஊரில் ஒன்றாகப் படித்ததுகள் இப்ப சந்திக்கிற இடமே இதுதான். ஆட்டத்தைச் செய்த சுப்பர்செல் நிறுவனமும் சும்மா இருக்கவில்லை. படை தயாராகும்வரை காத்திருக்கிற தொல்லையை 2025இல் ஒரேயடியாக எடுத்துவிட்டது. ஆட்டத்துக்கு 5இல் 4 தாராளமாகக் கொடுக்கலாம். கிளானை நடத்தத் தந்திருக்கிற வசதிகளுக்கு 2க்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை.

முதல் கோளாறு பதவிகள். மெம்பர், எல்டர், கோ-லீடர், லீடர் என்று நாலு படி. ஒவ்வொரு படிக்கும் அதிகாரம் மொத்தமாகத்தான் வருகிறது, பிரித்துக் கொடுக்க வழியில்லை. எல்டருக்கு ஆட்களைச் சேர்க்கலாம், மெம்பரை வெளியேற்றவும் செய்யலாம். கோ-லீடர் வோர், அதாவது வேறு கிளானோடு சண்டை, தொடங்கலாம், கிளான் செட்டிங்கை மாற்றலாம், எல்டரையும் தூக்கலாம். ஒருவர் வோர் மட்டும் பார்க்கட்டும், மற்றவர் ஆள் சேர்ப்பு மட்டும் பார்க்கட்டும் என்று லீடர் நினைத்தாலும் அதற்கொரு பட்டன் கிடையாது. எங்கட சனசமூக நிலையத்தில்கூடச் செயலாளருக்கு ஒரு வேலை, பொருளாளருக்கு ஒரு வேலை. இங்கே கோ-லீடர் ஆக்கினால் சாவிக்கொத்து முழுவதும் அவன் கையில்.

இதன் விளைவு எல்லாக் கிளானிலும் ஒரே மாதிரித்தான். கிளான் ஆட்களுக்குத் தன் படையை நிறைய டொனேட் பண்ணுகிறவனுக்கு மரியாதையாக எல்டர் பட்டம் கொடுப்பது வழக்கம். பட்டத்தோடு கத்தியும் சேர்ந்து போகிறது. கோ-லீடர் ஒருவன் கோபித்தாலோ, அவன்ர அக்கவுண்ட் வேறு ஆளின் கையில் மாட்டினாலோ, கிளான் சட்டில், அதாவது அரட்டைப் பக்கத்தில், "இன்னார் இன்னாரால் வெளியேற்றப்பட்டார்" என்ற வரி ஒன்றன்கீழ் ஒன்றாக விழத் தொடங்கும். லீடர் அந்த நேரம் நித்திரை என்றால், விடியப் பார்க்க மிஞ்சுவது லீடரும் மற்றக் கோ-லீடர்களும்தான், ஏனென்றால் கோ-லீடரைக் கோ-லீடர் தூக்க முடியாது. யார் யாரைத் தூக்கினான் என்பதற்கு அந்தச் சட் வரியைத் தவிர வேறு பதிவில்லை. அதுவும் கதை கூடக்கூட மேலே போய் மறைந்துவிடும். வருடக்கணக்காக ஆட்டக்காரர் கேட்கிற ஒரு தனிப் பதிவுப் பக்கத்தைத் தர இவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு என்ன கஷ்டம்?

அதுவரைக்கும் செய்யக்கூடியது: கோ-லீடர் இரண்டு மூன்று பேருக்கு மேல் வேண்டாம். அதில் ஒருவர் ஊரில், ஒருவர் கனடாவில் இருந்தால் எந்த நேரமும் ஒருவர் விழித்திருப்பார். லீடர் தன் இரண்டாவது அக்கவுண்டையும் கோ-லீடராக வைத்திருப்பது நல்லது. முக்கியமான ஆட்களின் ஆட்டக்காரர் டேக்கை, அதுதான் # குறியோடு வருகிற எழுத்தும் இலக்கமும், வட்ஸ்அப்பில் சேமித்து வையுங்கோ. தூக்கப்பட்டவரைத் தேடிப் பிடித்துத் திரும்ப அழைக்க அதுதான் நிச்சயமான வழி. பெயரைக் கொடுத்துத் தேடினால் அதே பெயரில் ஒரு படையே வரும்.

ஆள் சேர்ப்பு அடுத்த தலையிடி. எல்லாக் கிளான்காரரும் கதைக்கிற குளோபல் சட் என்ற பொது அரட்டையை 2019 ஒக்டோபரில் எடுத்துவிட்டார்கள். அங்கே தூசணமும் விளம்பரமும்தான் கூட என்பது உண்மை. ஆனால் தமிழில் நாலு வரி எழுதினால் தமிழ்ப் பொடியன் ஒருவன் பதில் போடுவான். பிறகு வந்த பரிந்துரைப் பட்டியலில் அப்படித் தமிழ்ப் பொடியளைப் பிடிப்பது லேசில்லை.  வந்தவன் அரைநாளில் சொல்லாமல் கிளம்புவான். கிளானை "அழைப்பு மட்டும்" என்று மாற்றி, குறைந்தபட்ச டவுன் ஹோலை (ஊரின் நடுக் கட்டிடம்; அதன் படிதான் ஆட்டக்காரரின் தரத்தைக் காட்டும்) போட்டு, கிளான் லிங்கை வட்ஸ்அப் குழுக்களில் பகிர்வதுதான் இப்போதைக்குப் பலன் தருகிறது. ஆட்டத்துக்குள் இருக்கவேண்டிய வேலை வட்ஸ்அப்பில் நடக்கிறது, அவ்வளவுதான்.

வோர் நேரம் புலம்பெயர்ந்தவர் கலந்த கிளானுக்குப் பெரிய விஷயம். எதிரி கிடைத்த நிமிடத்திலிருந்து ஆயத்தத்துக்கு 23 மணித்தியாலம், சண்டைக்கு 24. எத்தனை மணிக்குத் தொடங்கவேண்டும் என்று குறித்துவைக்க வசதியில்லை; லீடரோ கோ-லீடரோ அந்த நேரத்தில் போனைத் தூக்கி அமத்தவேண்டும். யாழ்ப்பாண நேரம் வெள்ளி இரவு 9.30க்கு எதிரி கிடைத்தால் சனி இரவு 8.30க்குச் சண்டை தொடங்கி ஞாயிறு இரவு 8.30க்கு முடியும். கோடைகாலத்தில் அது லண்டனில் பின்னேரம் 4 மணி, ரொறன்ரோவில் காலை 11. ஒருவருக்கும் நித்திரை கெடாது. செவ்வாய், புதனில் முடிகிற மாதிரி வைத்தால் வேலைக்குப் போகிறவர்கள், வோரில் ஆளுக்கு இரண்டு அட்டாக் இருக்க, இரண்டாவதைத் தவறவிடுவது வழக்கம்.

எதிரி தேட முன்னம், வோருக்கு வருவேன், வரமாட்டேன் என்று ஒவ்வொருவரும் போடுகிற பச்சை, சிவப்புக் குறியைப் பாருங்கோ. போன மாதம் பச்சை போட்டுவிட்டு மறந்தவன் இன்றும் பச்சையில்தான் நிற்பான். நாள் கழிந்து தானாக மாறாது. எதிரி கிடைத்துவிட்டால் பிறகு ஆளை மாற்ற ஏலாது. கடைசியாக ஆட்டத்துக்குள் வந்து எத்தனை நாள் என்றும் பார்த்து ஆளைச் சேர்ப்பது புத்தி. ஊரில் இருக்கிறவர்கள் மட்டும் ஒரு பின்னேரம் விளையாட நினைத்தால் நட்பு வோர் இருக்கிறது: ஆயத்த நேரத்தையும் சண்டை நேரத்தையும் நிமிடக் கணக்குக்குக் குறைக்கலாம். கொள்ளைப் பணம் கிடையாது, பகிடி நிறைய.

கிளான் ஆட்கள் சின்னச் சின்னப் பணிகளைச் செய்து சேர்ந்து புள்ளி எடுக்கிற கிளான் கேம்ஸில் பெரிய குறையில்லை. வழக்கமான மாதத்தில் ஒருவருக்கு 4000 புள்ளி உச்சம், கடைசிப் பரிசுப் படிக்குக் கிளானுக்கு மொத்தம் 50,000 வேண்டும். ஆக 13 பேர் முழுதாக ஆடினாலே போதும், மற்றவர்களைத் திட்டித் தீர்க்கத் தேவையில்லை. 2022இல் வந்த கிளான் கப்பிட்டல் ரெய்ட், அதாவது மற்றக் கிளான்களின் பொதுத் தலைநகரைத் தாக்குகிற வார இறுதி ஆட்டம், எங்கட நேரம் வெள்ளி மதியம் 12.30க்குத் தொடங்கித் திங்கள் மதியம் 12.30க்கு முடியும். ரொறன்ரோக்காரருக்கு அது திங்கள் விடியப்புறம், அதனால் அவர்கள் ஞாயிறு இரவே அட்டாக்கை முடிக்கவேண்டும்.

லீடர் வெளிநாடு போனால்? எங்கட ஊரில் இது அடிக்கடி நடக்கிற விஷயம்; புதுப் போன், புது வாழ்க்கை, ஆட்டம் மறந்துபோகும். லீடர் மாதக்கணக்காக வராவிட்டால் பதவி தானாக வேறொருவருக்குப் போக ஒரு ஏற்பாடு உண்டு. ஆனால் அதுவரை கோ-லீடர்களில் ஒருவனைக்கூட ஆராலும் அகற்ற முடியாது. போக முன்னமே ஒழுங்காகக் கைமாற்றலாம்: உறுப்பினர் பட்டியலில் நம்பிக்கையான கோ-லீடரின் பெயரைத் தொட்டு லீடராக உயர்த்தினால் பழையவர் கோ-லீடராக இறங்குவார். அதோடு ஆட்டத்துக்குள் போகிற கணக்கான சுப்பர்செல் ஐடி எந்த மின்னஞ்சலில் இருக்கிறது என்பதையும் உறுதிப்படுத்துங்கோ. பழைய போனை வித்த பிறகு அந்த மின்னஞ்சலுக்கு வருகிற இலக்கம் இல்லாமல் உள்ளே போக ஏலாது.