முதல் வெல்டிங் மிஷின்: மூன்று மாத அனுபவம்

மாடிச் செடிகளுக்கு இரும்பு ஸ்டாண்ட் நானே செய்ய வேண்டும் என்ற ஆசையில், கடலூர் முதுநகரில் இந்த 200 ஆம்பியர் இன்வர்ட்டர் மிஷினை வாங்கினேன். தோளில் மாட்டிக்கொண்டு மாடி ஏறலாம், அவ்வளவு இலேசு. என் வேலைக்கு வீட்டிலுள்ள 15 ஆம்பியர் பிளக்கே போதுமாக இருக்கிறது.

முதல் இரண்டு நாள் ராடு (உருகி இரும்பை இணைக்கும் வெல்டிங் குச்சி) இரும்பில் ஒட்டிக்கொண்டே இருந்தது. எங்கள் தெருவில் கேட் செய்யும் அண்ணன் வந்து பார்த்தார். "தம்பி, 2.5 எம்எம் ராடுக்கு 50 ஆம்பியர் வச்சா ஒட்டத்தான் செய்யும். 80க்கு ஏத்து. தீக்குச்சி கிழிக்கிற மாதிரி இழு" என்றார். ஏற்றினேன். விட்டுவிட்டு வெடித்த சத்தம் சீராகி, எண்ணெயில் வடகம் பொரிவது போல் கேட்டது. கசடைச் சுத்தியலால் தட்டியதும் உள்ளே மீன் செதில் அடுக்கியது போல வரிவரியாக ஜாயின்ட்! அன்றிரவு சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை.

கூடவே தந்த எர்த் கிளாம்ப் (மிஷினின் இன்னொரு ஒயரை இரும்போடு கவ்விப் பிடிப்பது) மட்டும் சரியில்லை. பிடிப்பு தளர்ந்து ஆர்க் (ராடு நுனியில் எரியும் மின்சுடர்) அணைந்துவிடுகிறது; வேறு மாற்றிவிட்டேன். முகத்துக்கு நேராகக் கையில் பிடிக்கும் வெல்டிங் கண்ணாடி ஒரு கையை முடக்குகிறது. ஒளி பட்டதும் தானே கறுக்கும் ஆட்டோ டார்க் ஹெல்மெட் தனியாக வாங்குங்கள், ஷேடு (கண்ணாடியின் கருமை அளவு) 10 வைத்தால் சரியாக இருக்கும். ஒருமுறை, ஒரே ஒரு புள்ளிதானே என்று வெறுங்கண்ணோடு வெல்டு வைத்தேன். இரவெல்லாம் கண்ணில் மணல் கொட்டியது போல் உறுத்தல்.

அப்புறம், நம்ம ஊர் கடற்காற்றில் பிரித்த ராடு பாக்கெட் ஈரம் கோர்க்கும். மூடி இறுகும் டப்பாவில் வையுங்கள். ஜிஐ பைப் என்றால் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, வெட்டவெளியில் மட்டும் செய்யுங்கள். அந்தப் புகை காய்ச்சலே வரவைக்கும்.

ஸ்டாண்ட் இப்போது 12 தொட்டிகளைத் தாங்கி நிற்கிறது. அடுத்து அம்மாவுக்குத் துணி காயவைக்கும் கம்பி.