மூன்று டேக்னிகளும் ஒரே நடாஷாவும்

ஆயிரம் பக்க நாவல், அதில் பக்கம் பக்கமாக விவாதம். இதைப் படமாக்க முடியுமா என்று கேட்டால் பலரும் சொல்லும் பதில், 'ஒரே படத்தில் முடியாது, பாகம் பாகமாக எடுக்கலாம்' என்பதுதான். அப்படி எடுத்தும் பார்த்திருக்கிறார்கள். டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' நாவலை செர்கேய் பொந்தார்சுக் நான்கு படங்களாக 1966, 1967-இல் வெளியிட்டார். தஸ்தயேவ்ஸ்கியின் 'கரமசோவ் சகோதரர்கள்' 1969-இல் இவான் பிரியெவ் இயக்கத்தில் மூன்று பாகங்களாக வந்தது. அமெரிக்க எழுத்தாளர் அயன் ராண்டின் 'அட்லஸ் ஷ்ரக்ட்' நாவல் 2011, 2012, 2014 என மூன்று தவணைகளில் வந்தது. மூன்றையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். பல பாகங்கள் எடுத்ததால் கையில் சேர்ந்த நேரத்தை யார் எதற்குச் செலவழித்தார்கள் என்பதில்தான் எல்லா வித்தியாசமும் இருக்கிறது.

பாகம் பிரித்த விதத்திலேயே அது தெரிந்துவிடும். ராண்டின் நாவலில் மூன்று பகுதிகளுக்கும் தர்க்கவியல் விதிகளே தலைப்பு. கடைசிப் பகுதியின் தலைப்பு 'ஏ என்பது ஏ'. படக்காரர்களும் அதே இடங்களில்தான் வெட்டினார்கள். பொந்தார்சுக் தன் பாகங்களுக்கு வைத்த பெயர்கள்: ஆந்த்ரேய் பல்கோன்ஸ்கி, நடாஷா ரஸ்தோவா, 1812, பியர் பெசூகவ். நான்கில் மூன்று ஆட்களின் பெயர். வாதத்தின் படிகளில் ஏறுவது ஒரு வழி, ஒவ்வொரு மனிதராகப் பிடித்துக்கொண்டு நடப்பது இன்னொரு வழி. எனக்கு இரண்டாவது வழிதான் சரி என்று படுகிறது. ஏனென்றால் அந்த மனிதர்களை மறுபடி பார்க்கத்தான் அடுத்த பாகத்துக்கு ஆள் வருவார்கள்.

'அட்லஸ் ஷ்ரக்ட்' பட்ட பாடு தனிக் கதை. தயாரிப்பாளர் ஜான் அக்லியாலோரோ 1992-இல் உரிமையை வாங்கினார். ஆண்டுகள் ஓடின. 2010 ஜூனுக்குள் படப்பிடிப்பைத் தொடங்காவிட்டால் உரிமை கைவிட்டுப் போகும் என்ற கட்டத்தில் அவசர அவசரமாக முதல் பாகத்தை எடுத்தார்கள். ஏறக்குறைய 2 கோடி டாலர் செலவில் எடுத்த படம் 50 லட்சம் டாலரைக்கூட வசூலிக்கவில்லை. அடுத்த பாகத்துக்கு இயக்குநர் மாறினார், நடிகர்கள் மொத்தமாக மாறினார்கள். மூன்றாவதிலும் அதேதான். கதாநாயகி டேக்னி டாகர்ட்டாக முதலில் டெய்லர் ஷில்லிங், அப்புறம் சமந்தா மாத்திஸ், அப்புறம் லாரா ரீகன்.

இதை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. முதல் பாகத்தில் நல்ல காட்சிகள் இல்லாமல் இல்லை. உருக்காலை முதலாளி ஹாங்க் ரியர்டன் பத்து வருடம் பாடுபட்டுக் கண்டுபிடித்த உலோகத்தின் முதல் வார்ப்பில் ஒரு வளையைச் செய்து மனைவிக்குக் கொடுக்கிறான். அவள் அதை விருந்தில் எல்லோரிடமும் காட்டிக் கேலி பேசுகிறாள். டேக்னி நேராக வந்து, தன் கையிலிருந்த வைர வளையைக் கழற்றிக் கொடுத்து அந்த உலோக வளையை வாங்கிப் போட்டுக்கொள்கிறாள். மதிப்பு என்பது என்ன, அதை யார் தீர்மானிப்பது என்று ராண்ட் நூற்றுக்கணக்கான பக்கங்களில் வாதாடுவது இந்த ஒரு கைமாற்றத்துக்குள் அடங்கிவிடுகிறது. தன்னலமே அறம் என்னும் அந்த நாவலின் தத்துவம் எனக்கு உடன்பாடானது இல்லை. இருந்தும் அந்த இடத்தில் டேக்னியின் பக்கம்தான் நின்றேன். ஆனால் அந்த வளையை வாங்கிய பெண்ணின் முகம் அடுத்த படத்தில் இல்லை. நான் அவள் மேல் வைத்த நம்பிக்கையைப் புதிதாக வந்தவரிடம் எப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பது?

ராண்டின் தத்துவத்தையே வாயால் சொல்லும் மர்ம நாயகன் ஜான் கால்ட்டின் வானொலிப் பேச்சு நாவலில் சுமார் 60 பக்கம். மூன்றாவது படத்தில் சில நிமிடங்கள். சுருக்கியதைக் குறை சொல்ல மாட்டேன், வேறு வழியில்லை. ஆனால் முதல் இரண்டு பாகங்களில் நிழலாகவே நின்ற ஒருவர் மூன்றாவதில்தான் முகம் காட்டி, நாட்டுக்கே புத்தி சொல்கிறார். சொல்பவரை நமக்குப் பழக்கமே இல்லை. அந்தப் படம் 10 லட்சம் டாலரைக்கூடத் தொடவில்லை.

'கரமசோவ்' விஷயத்தில் நேர் எதிர்ப்பக்கம் போனார்கள். நாவலின் சிகரம் என்று பலரும் கொண்டாடும் 'மகா விசாரணை அதிகாரி' அத்தியாயம், திரும்பி வந்த ஏசுவையே திருச்சபை அதிகாரி கைது செய்து விசாரிக்கும் கதை, படத்தில் கிடையாது. பிரியெவ் படத்தை முடிக்கும் முன்பே 1968-இல் இறந்துபோக, மூத்த சகோதரன் மித்யாவாக நடித்த மிகைல் உல்யானவும் அடுத்தவன் இவானாக நடித்த கிரில் லாவ்ரவும் சேர்ந்து முடித்தார்கள். உல்யானவின் வெறியும் தவிப்பும் அபாரம். என்றாலும் தத்துவத்தை எடுத்துவிட்டுச் சண்டையை மட்டும் வைத்தால் மிஞ்சுவது ஒரு கொலை வழக்குதான்.

பொந்தார்சுக்கும் வெட்டினார், அதுவும் ஏராளமாக. மனிதனுக்குச் சுதந்திர விருப்பம் உண்டா, வரலாறு எந்த விதியால் நகர்கிறது என்று டால்ஸ்டாய் விவாதிக்கும் இரண்டாம் பின்னுரை படத்தில் இல்லை. ஆனால் அந்த எண்ணம் தொலைந்துபோகவில்லை. மூன்றாம் பாகத்தில், நெப்போலியன் படையும் ரஷ்யப் படையும் மோதும் பரதீனோ போரில் ஆயிரக்கணக்கான வீரர்கள், குதிரைகள், புகை. அதற்கு நடுவே கதாநாயகர்களில் ஒருவரான பியர் சிவில் உடையில் அங்கும் இங்கும் அலைகிறார். இந்த மோதலை யாரும் ஓட்டிக்கொண்டு போகவில்லை, நெப்போலியன்கூட இல்லை என்பது யாரும் சொல்லாமலே நமக்குப் புரிகிறது. டால்ஸ்டாய் பின்னுரையில் எழுதியது இதைத்தானே?

இன்னொன்று, கதாநாயகி நடாஷா. பாலே ஆடிக்கொண்டிருந்த லுத்மீலா சவெலியேவாவை அந்தப் பாத்திரத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். படப்பிடிப்பு 1962-இல் தொடங்கி ஐந்து வருடம் இழுத்தது. நடுவே பொந்தார்சுக்குக்கு மாரடைப்புகூட வந்தது. அந்தத் தாமதமே படத்துக்கு வரமானது. நாவலில் 13 வயதில் ஓடிவரும் சிறுமி, போரையும் சாவையும் பார்த்த பெண்ணாக மாறுகிறாள். திரையிலும் ஒரே முகம் நம் கண்ணெதிரே முதிர்கிறது. கிங் விடார் 1956-இல் ஆட்ரி ஹெப்பர்னை வைத்து மூன்றரை மணி நேரத்துக்குள் இதே நாவலை முடித்தார். ஹெப்பர்ன் அழகாகச் செய்தார், ஆனால் அங்கே காலம் ஓடியதை நம்மால் உணர முடியவில்லை.

இப்படி ஏழு மணி நேரம் தேவையா என்று கேட்பவர்களுக்கு நான்காம் பாகத்தில் ஓர் இடத்தைக் காட்டுவேன். பிரெஞ்சுக்காரர்களிடம் கைதியாக இருக்கும் பியர், இரவில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். ஒரு சிப்பாய் அவரை அந்தப் பக்கம் போகவிடாமல் தடுத்துவிட்டான். திடீரென்று சிரிக்கத் தொடங்குகிறார். என்னையா பிடித்து வைத்திருக்கிறார்கள், சாவே இல்லாத என் ஆன்மாவையா என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார், தலைக்கு மேலே வானம். வசனம் இரண்டு மூன்று வரிதான். முதல் பாகத்தில் விருந்து மண்டபத்தில் என்ன பேசுவதென்று தெரியாமல் விழித்த அதே குண்டு முகம், அதே கண்ணாடிக்காரர். அவரை அவ்வளவு நேரம் கூடவே இருந்து பார்த்தவர்களுக்கு அந்தச் சிரிப்புக்கு விளக்கம் தேவைப்படாது.