ஒரு தட்டு, ஆறு பேர்: காதல் காமெடியா, த்ரில்லரா?

போன மாதம் எங்கள் வீட்டுப் புத்தக அலமாரியின் அடித்தட்டில் கரையான் ஏறிவிட்டது. இரண்டு தட்டுப் புத்தகத்தை ஒரே தட்டில் அடக்கியாக வேண்டும். ஒரு தட்டு முழுக்கக் காதல் காமெடி, இன்னொரு தட்டு முழுக்க உளவியல் த்ரில்லர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூராவும் எடுத்து வைத்து, வைத்து எடுத்து, சாயங்காலம் 22 த்ரில்லர்களைச் சாக்கில் கட்டித் தஞ்சாவூர் பழைய புத்தகக் கடைக்கு அனுப்பினேன். கடைக்காரர் இரண்டு வகைக்கும் ஒரே விலைதான் போட்டார், தராசில் வைக்காததுதான் குறை. திருப்பி விற்றால் எது காசு தரும் என்ற கணக்கு இங்கே செல்லாது.

தம்பிக்குக் கோபம். "துப்பறியும் நாவலுக்குப் பேர் வாங்கின ஊர்ல பொறந்துட்டு இப்படிப் பண்ணலாமாக்கா?" என்றான். எங்கள் ஊர் வடுவூர். ஏரிக்கும் கோதண்டராமருக்கும் கபடிக்கும் அடுத்தபடியாக இங்கே பெருமையாகச் சொல்லிக்கொள்வது வடுவூர் துரைசாமி ஐயங்காரை. 1942இல் காலமான அவர், அதற்கு முந்தைய தலைமுறைகளுக்குத் துப்பறியும் நாவல்களை எழுதித் தள்ளியவர். அவரை யார் வெளியே அனுப்பினார்கள்? 'கும்பகோணம் வக்கீல்' மேல்தட்டில் பத்திரமாகத்தான் இருக்கிறார். போனது வேறு சாதிப் புத்தகங்கள்.

துப்பறியும் கதையில் குற்றம் நடந்தது நமக்குத் தெரியும், செய்தது யார் என்று தேடுவோம். உளவியல் த்ரில்லரில் நமக்குக் கதை சொல்கிறாரே, அந்த ஆளையே நம்பலாமா என்று தெரியாது. குடித்திருந்த ராத்திரியில் அவள் பார்த்தது நிஜமா? டைரியில் எழுதியிருப்பது நடந்ததா? 2012இல் வந்து உலகமெல்லாம் விற்ற 'கான் கேர்ள்' இந்த வகைக்கு நல்ல மாதிரி. ஐந்தாவது கல்யாண நாளன்று மனைவி காணாமல் போகிறாள். ஒரு அத்தியாயம் கணவன் சொல்வது, அடுத்த அத்தியாயம் மனைவியின் டைரி. இதற்கு மேல் அந்தப் புத்தகத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. என் பிரச்சினையே அதுதான், பிறகு வருகிறேன்.

விலை, பக்க எண்ணிக்கை, அச்சு எல்லாம் ஏறக்குறைய ஒன்று. ஆங்கிலத்தில் படிப்பவர்களுக்கு த்ரில்லர் சுலபம், சின்னச் சின்ன வாக்கியங்கள். காதல் காமெடியில் பேச்சுக் குறும்பு பிடிபட நாலைந்து அத்தியாயம் ஆகும். த்ரில்லர் படித்தால் தூக்கம் போய்விடும் என்பார்கள். எனக்குப் போனதில்லை.

வேகத்தில் த்ரில்லரை அடித்துக்கொள்ள ஆளில்லை. வேலை முடிந்து தஞ்சாவூரில் மன்னார்குடி பஸ் ஏறினால் நான் வடுவூரில் இறங்க வேண்டும். கையில் த்ரில்லர் இருந்த நாட்களில் மூன்று தடவை மன்னார்குடி வரைக்கும் போய்விட்டுத் திரும்பியிருக்கிறேன். மூன்றாவது தடவை கண்டக்டரே, "என்னம்மா, இன்னைக்கும் கொலையா?" என்று கேட்டார். காதல் காமெடி ஒரு நாளும் என்னை ஊர் தாண்ட விட்டதில்லை. முதல் வாசிப்பு மட்டும்தான் கணக்கு என்றால் தம்பி கட்சி ஜெயித்தது.

ஆனால் எங்கள் வீட்டில் ஒரு புத்தகத்தை ஒருவர் படிப்பதில்லை. நான், தம்பி, தம்பி மனைவி, கல்லூரியில் படிக்கும் என் மகள், எதிர்வீட்டு மாமி ஆகிய ஐந்து பேர் கையிலும் அது போய்வர வேண்டும். ஆறாவது ஆள் அப்பாயி. அவருக்கு எழுத்து தெரியாது, யாராவது படித்துச் சொல்ல வேண்டும். ஐந்து பேர் படிக்கும் வீட்டில் த்ரில்லர் வந்தால் முடித்தவர், முடிக்காதவர் என்று வீடு இரண்டாகிவிடும். முடித்தவர் வாயைத் திறந்தாலே ஆபத்து. போன வருஷம் மாமி என்னிடம், "அந்த டாக்டர் வந்தாச்சா?" என்று மட்டும்தான் கேட்டார். வேறொன்றும் சொல்லவில்லை. நான் அப்போது 40ஆம் பக்கத்தில் இருந்தேன், டாக்டர் என்று யாரும் வரவில்லை. அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தில் டாக்டருக்காகக் காத்திருந்ததைத் தவிர நான் வேறெதுவும் செய்யவில்லை.

முன்பின் தெரியாதவர்களும் விட்டுவைப்பதில்லை. பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு த்ரில்லரின் 17ஆம் பக்க ஓரத்தில் யாரோ பென்சிலால், 'இவன்மேல் சந்தேகப்படாதே, இவன் இல்லை' என்று எழுதியிருந்தார்கள். நல்ல மனசு. மொத்தமே நாலு பேர் வரும் கதையில் ஒருவனைக் கழித்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. எங்கள் தெருவுக்குக் கரண்ட் திரும்பப் பல நாள் ஆயிற்று. தென்னை மரங்கள் கொல்லையில் குறுக்கும் நெடுக்கும் கிடந்தன, போனில் உயிர் இல்லை, பகல் வெளிச்சம் இருக்கும்வரை படிப்பதைத் தவிர வேறு வேலை ஓடவில்லை. யாரும் படிக்காத புத்தகமாக வீட்டில் ஒரே ஒரு த்ரில்லர் இருந்தது. சண்டை வேண்டாம் என்று தம்பி பிளேடால் அதன் முதுகை அறுத்து மூன்று பாகமாக்கினான். முதல் பாகத்தை முடித்தவர் இரண்டாவதற்கு வரிசையில் நிற்க வேண்டும். மூன்றாவதை முதலில் முடித்தது மாமி. முடித்துவிட்டு இரண்டு நாள் எங்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். என் தம்பி மனைவி அந்தச் சிரிப்பை வைத்தே முடிவைக் கண்டுபிடித்துவிட்டாள்! ஐந்தாம் நாள் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்தது. அதற்கு மறுநாள் ஈர விறகு பற்றவில்லை என்று யாரோ அந்த மூன்று பாகத்தையும் அடுப்பில் வைத்துவிட்டார்கள். 'ஐயோ' என்றுகூட ஒருவரும் சொல்லவில்லை.

அதே நாட்களில்தான் அப்பாயிக்குப் படித்துச் சொன்னதும். முதலில் த்ரில்லரைத்தான் எடுத்தேன். ஆங்கிலத்தை மனசுக்குள் திருப்பிப் பேச்சுத் தமிழில் சொல்ல வேண்டும். நாலு வரி சொன்னதும், "இவ சொல்றது நெசமாடி?" என்றார். தெரியாது அப்பாயி என்றேன். இன்னும் நாலு வரி. "இதாவது நெசமா?" "அதுவும் தெரியாது அப்பாயி, கடைசியிலதான் தெரியும்." "சொல்றவளுக்கே தெரியாததை எனக்கு எதுக்குடி சொல்லிக்கிட்டிருக்க?" என்று வெற்றிலைப் பெட்டியை இழுத்துக்கொண்டார்.

மறுநாள் ஒரு காதல் காமெடி. ஒரே ஆபீசில் வேலை பார்க்கும் இரண்டு பேர், ஒருவர் மூஞ்சி ஒருவருக்கு ஆகாது. இரண்டாவது பக்கத்திலேயே அப்பாயி, "இதுங்க ரெண்டும் கட்டிக்குங்க" என்றார். சரி, நிறுத்திவிடவா என்று கேட்டேன். "நீ படி. எப்படிக் கட்டிக்கிதுங்கன்னு பார்க்க வேணாமா?" அந்தப் புத்தகத்தில் இருவரும் மழையில் நின்று சண்டை போடும் இடம் ஒன்று வரும். அதை மட்டும் நான்கு தடவை படிக்கச் சொன்னார். மூன்றாவது தடவை அந்தப் பெண் பேச வேண்டிய வசனத்தை அப்பாயியே பேசினார், புத்தகத்தில் இருந்ததைவிடக் காரமாக. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமி ஏற்கெனவே அதைப் படித்தவர். ஆனாலும் எழுந்து போகவில்லை.

முடிவு தெரிந்தால் த்ரில்லரின் சரக்கு தீர்ந்துவிடுகிறது. காதல் காமெடியில் முடிவு அட்டையிலேயே தெரியும், அங்கிருந்துதான் சரக்கே ஆரம்பிக்கிறது. திருவிழாவில் வள்ளித் திருமணம் நாடகம் போட்டால், முருகன் வள்ளியைக் கட்டுவான் என்று தெரியாதவர் பந்தலில் யாரும் உண்டா? கிழவன் வேஷத்தில் வந்து தேனும் தினைமாவும் தின்று விக்குவதும், அண்ணன் யானையாக வந்து மிரட்டுவதும், அவள் ஓடிப்போய்க் கிழவனையே கட்டிக்கொள்வதும் ஒவ்வொரு வருஷமும் அதேதான். ஜனம் விடியவிடிய உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலத்திலும் இதே கதைதான். 1813இல் வந்த 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' முடிவு எல்லோருக்கும் தெரியும். அதே கதையின் எலும்பை எடுத்து 1996இல் 'பிரிட்ஜெட் ஜோன்ஸ் டைரி' எழுதினார்கள், அதுவும் சக்கைப்போடு போட்டது. ஒரு த்ரில்லரின் முடிச்சை அப்படிப் பகிரங்கமாக எடுத்துத் திரும்பக் கட்டிப் பாருங்கள்!

ஊர்ப் பெருமைதான் பேச வேண்டும் என்றால் தம்பிக்கு என்னிடமும் ஒரு பதில் இருக்கிறது. தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வந்தது. எழுதிய வேதநாயகம் பிள்ளை மாயவரத்தில் முன்சீபாக இருந்தவர். அதில் ஞானாம்பாள் ஆண் வேஷம் போட்டு ஒரு நாட்டையே ஆள்கிறாள். புருஷனும் பொண்டாட்டியும் பேசிக்கொள்கிற இடங்களில் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. நீ வடுவூர் என்றால் நான் மாயவரம், போடா.

அவனும் சும்மா இல்லை. 2011இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் இரண்டு பேர் செய்த ஆய்வு ஒன்றை போனில் எடுத்துக் காட்டினான். முடிவை முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கதையைக் கொடுத்தால் வாசகர்கள் அதை அதிகமாகவே ரசித்தார்களாம், மர்மக் கதையானாலும்கூட. படித்துப் பார்த்தேன். அவர்கள் கொடுத்தது சிறுகதைகள். அரை மணி நேரத்தில் முடிகிற கதையில் முடிவு தெரிந்தாலும் கைவேலையை ரசிக்கலாம். 400 பக்கத்தை டாக்டருக்காகவே புரட்டியவளிடம் இதைச் சொல்லாதே என்றேன்.

அவன் பக்கமும் நியாயம் உண்டு. எல்லா த்ரில்லரும் அடுப்புக்குப் போகிற ரகம் இல்லை. 1938இல் வந்த 'ரெபெக்கா'வை மூன்று தடவை படித்துவிட்டேன். கதை சொல்கிற பெண்ணின் பெயரைக் கடைசிவரை சொல்வதே இல்லை. முதல் தடவை அது என் கண்ணிலேயே படவில்லை, இரண்டாவது தடவை அதைத் தவிர வேறெதுவும் படவில்லை. 1955இல் வந்த 'தி டேலன்டட் மிஸ்டர் ரிப்ளி' கொலைகாரன் யார் என்பதை மறைப்பதே இல்லை. அவன் தலைக்குள்ளேயே நம்மை உட்கார வைத்துவிடுகிறது, மாட்டிக்கொள்வானோ என்று நாம் அவனுக்காகப் பதறுகிறோம். மாமி என்ன கேள்வி கேட்டாலும் இதைக் கெடுக்க முடியாது. சாக்குக்குள் போன 22இல் இப்படி ஒன்றும் இல்லை.

காதல் காமெடிக்கும் வியாதி உண்டு. முக்கால் புத்தகம் தாண்டியதும் ஒரு பிரிவு வரும். ஒரு போன் போட்டுப் பேசினால் தீர்ந்துவிடும், ஆனால் 50 பக்கத்துக்குப் போட மாட்டார்கள். தொடர்ந்து மூன்று படித்தால் திருவையாறு அசோகாவை மூன்று கிண்ணம் சாப்பிட்ட மாதிரி நெஞ்சைக் கரிக்கும். தமிழ் மாத நாவல்களில் காதல் கொட்டிக் கிடக்கிறது, காமெடிதான் தேட வேண்டியிருக்கிறது. கதாநாயகன் கண் சிவந்தே முக்கால்வாசிப் பக்கம் போய்விடும். இணையத்தில் தொடராக வரும் தமிழ்க் கதைகளில் நான் படித்தது இரண்டோ மூன்றோதான், அதனால் அதைப் பற்றித் தீர்ப்பு சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆங்கிலத்தில் சமீபமாக வரும் கலர் கலர் படம் போட்ட அட்டைக்காரர்களிலும் நாலைந்துக்கு மேல் தாண்டவில்லை.

இன்னொன்று. தனி வீடு, தனி ஆள், கிண்டிலில் படிக்கிறீர்கள் என்றால் நான் மேலே போட்ட கணக்கு உங்களுக்கு ஒத்துவராது. கிண்டிலை யாரும் பிளேடால் அறுப்பதில்லை, எதிர்வீட்டு மாமியும் எட்டிப் பார்க்க மாட்டார். அப்போது த்ரில்லரே வாங்குங்கள், பஸ்ஸில் ஏறும்போது மட்டும் கண்டக்டரிடம் சொல்லி வையுங்கள்.

கரையான் மருந்து அடித்தாயிற்று. தட்டில் இப்போது காதல் காமெடி, ஓரத்தில் ரெபெக்காவும் ரிப்ளியும். 17ஆம் பக்கத்தில் பென்சில் போட்ட அந்தப் புத்தகத்தை மட்டும் சாக்கில் கட்ட மனசு வரவில்லை. தம்பி இன்னும் அதைப் படிக்கவில்லை. கேட்டுக்கொண்டே இருக்கிறான், அந்த வரியை அழித்துவிட்டுக் கொடு என்கிறான். அழித்துப் பார்த்தேன். எழுதினவர் அழுத்தி எழுதியிருக்கிறார், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தெரிகிறது.