அடுத்த வீட்டு வாசலில் அம்மாவை நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள்

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாருக்காவது தொகுப்பு வீடு, அதாவது அரசு பணத்தில் கட்டும் வீடு, வந்திருக்கிறதா? இன்றைக்கே ஊருக்கு போன் போட்டு இரண்டு விஷயம் கேளுங்கள். பாஸ்புக் யார் கையில் இருக்கிறது? பேங்கில் எந்த போன் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள்? இந்த இரண்டையும் நான் கேட்காமல் விட்டதால் என் அம்மாவின் வீடு ஜன்னல் மட்டத்தோடு இரண்டு மழைக்காலம் நனைந்துகொண்டு நின்றது.

எங்கள் ஊர் டெல்டாவில் கடலை ஒட்டி இருக்கிறது. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியபோது எங்கள் கூரை வீட்டில் மண்சுவர் மட்டும்தான் மிஞ்சியது. அப்பா அதற்கு முன்பே தவறிவிட்டார். நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் டைலர். அம்மா தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்தாள். 2021 தொடக்கத்தில் பிரதமர் வீடு திட்டத்தில் அவள் பெயருக்கு வேலை உத்தரவு வந்தது.

எவ்வளவு பணம் வரும் என்று அம்மாவுக்கு யாரும் விளக்கவில்லை, நானும் விசாரிக்கவில்லை. பிறகு தெரிந்துகொண்ட அன்றைய கணக்கைச் சொல்கிறேன். வீட்டுக்கு 1,20,000 ரூபாய். அதில் மத்திய அரசு பங்கு 72,000, மாநில அரசு பங்கு 48,000. மேலே காங்கிரீட் கூரைத் தளம் போடத் தமிழ்நாடு அரசு தனியாக இன்னொரு 1,20,000 தந்தது. ஆக மொத்தம் 2,40,000. இது போக நூறு நாள் வேலைத் திட்டத்தில் 90 நாள் கூலி, கழிவறைக்கு 12,000. சிமெண்டும் கம்பியும் ஊராட்சி யூனியன் கிடங்கில் கொடுத்து அதற்கான தொகையைப் பிடித்துக்கொள்வார்கள். மற்றதெல்லாம் வேலை நடக்க நடக்கத் தவணையாகப் பயனாளியின் பேங்க் கணக்குக்கே வரும்.

வேலை நடந்தால்தான் பணம் என்பதுதான் இதில் இடிக்கிறது. கடைக்கால் தோண்டி, கருங்கல் இறக்கி, கொத்தனாருக்குக் கூலி கொடுக்க முதலில் கையில் காசு வேண்டும். அந்த அடிப்படை 1,20,000 என்பது 2016-ல் திட்டம் தொடங்கியபோது வைத்த தொகை. செங்கல், மணல், கூலி எல்லாம் எங்கேயோ போய்விட்டது. தார்ப்பாய்க்குக் கீழே இருப்பவள் எந்தப் பணத்தைப் போட்டு வேலையைத் தொடங்குவாள்? அதனால்தான் முன்பணம் போட ஆள் தேவைப்படுகிறது, அந்த ஆளும் தேடி வந்துவிடுகிறார்.

எங்களுக்கு வந்தவர் பக்கத்து ஊர்க்காரர். அம்மாவைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவார். "நீங்க ஏன் பெரியம்மா அலையணும், நானே கட்டிச் சாவியக் கையில தர்றேன்" என்றார். எனக்கும் போன் பண்ணினார். "தம்பி, லீவு போட்டு வர வேணாம், நான் பாத்துக்கறேன்." எனக்கு அன்றைக்கு அது பெரிய உதவியாகத்தான் பட்டது. பாஸ்புக், ஆதார் நகல், நூறு நாள் வேலை அட்டை எல்லாவற்றையும் அம்மா ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கொடுத்துவிட்டாள். அம்மாவிடம் போன் கிடையாது. பேங்கில் அவர் தன் நம்பரையே எழுதிக் கொடுத்திருக்கிறார். பணம் வந்தால் குறுஞ்செய்தி அவருக்குத்தான் போகும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

மே மாதம் ஊரடங்கு. பஸ் இல்லை, நான் போக வழியில்லை. அந்தச் சமயத்தில்தான் எல்லாம் நடந்திருக்கிறது.

ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் வீட்டைப் போட்டோ எடுத்து, எடுத்த இடத்தோடு சேர்த்து செல்போன் வழியாகவே பதிவேற்றுவார்கள். அதை வைத்துத்தான் அடுத்த தவணை. எங்கள் வீட்டுக்கு அடுத்த மனையிலும் இதே ஆள்தான் ஒரு தொகுப்பு வீடு கட்டிக்கொண்டிருந்தார். அங்கே தளம் போட்டாகிவிட்டது. ஒருநாள் அம்மாவைக் கூட்டிப் போய் அந்த வீட்டு வாசலில் நிறுத்திப் படம் எடுத்திருக்கிறார்கள். "இது நம்ம வீடு இல்லையேப்பா" என்று அம்மா கேட்டிருக்கிறாள். "சும்மா ஒரு கணக்குக்குத்தான் பெரியம்மா, அப்பதான் சீக்கிரம் பணம் வரும்" என்று பதில். மறுநாள் கைரேகை மிஷினோடு வந்து, "வீட்டு விஷயமா ஒரு பதிவு" என்று சொல்லிக் கட்டைவிரலை வைக்கச் சொன்னார்கள். அந்த ரேகையை வைத்தே அம்மா கணக்கிலிருந்து பத்தாயிரம் பத்தாயிரமாகப் பணம் போயிற்று.

ஆடி மாதம் போய்ப் பார்க்கிறேன், சுவர் இடுப்பு உயரம் நிற்கிறது. கடைக்காலைத் தோண்டிப் பார்த்த கொத்தனார், "ஒன்றரை அடிகூட இல்லையே தம்பி" என்றார். கிடங்கில் அம்மா பெயரில் எடுத்த சிமெண்ட் பாதிக்கு மேல் வேறு வேலைக்குப் போயிருந்தது. பேங்கில் பாஸ்புக்கைப் பதியச் சொன்னேன். தளத்துக்கான தவணை வரை வந்து, எடுத்தும் ஆகிவிட்டது. நூறு நாள் கூலிகூட மிச்சமில்லை. அன்று அம்மா அழவில்லை. "நான் கையெழுத்துப் போடத் தெரிஞ்சவ, என்னை ஏண்டா ரேகை வைக்கச் சொன்னாங்க" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

யூனியன் அலுவலகத்தில் கேட்டால், "கம்ப்யூட்டர்ல தளம் முடிஞ்சதுன்னு இருக்கே" என்றார்கள். படத்தில் நிற்பது அம்மாதான், அதனால் மறுக்கவும் முடியவில்லை. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தோம். இரண்டு மனைகளையும் சேர்த்து எடுத்த படத்தை அதோடு வைத்தோம், அதுதான் வேலை செய்தது. விசாரணைக்கு வந்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் அந்த ஆள் 45,000 திருப்பிக் கொடுத்தார். மீதியைத் தருவதாகப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்தார், இன்றுவரை தரவில்லை. மகளிர் குழுவில் கடன் வாங்கி 2023-ல்தான் தளம் போட்டோம். அந்தக் கடனை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், அதே ஆள் கலைஞரின் கனவு இல்லம் வந்தவர்களின் வீட்டுப் படியும் ஏறிக்கொண்டிருக்கிறார். அது மாநில அரசின் திட்டம், 360 சதுர அடி, 3,50,000 ரூபாய். தொகை பெரிது. அதுவும் கட்டம் கட்டமாகத்தான் கணக்குக்கு வருகிறது.

ஆள் வைத்துக் கட்டுவதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன், எங்களைப் போன்றவர்களுக்கு வேறு வழியில்லை. ஆனால் தவணை வந்த பிறகு பணத்தை நீங்களே எடுத்து, முடிந்த வேலைக்கு மட்டும் கொடுங்கள். பேங்கில் பிள்ளைகளின் நம்பரைக் கொடுங்கள். வீட்டு வாசலில் யார் மிஷினை நீட்டினாலும் விரலை வைக்காதீர்கள். பிரதமர் வீடு திட்டத்தின் இணையதளத்தில் பயனாளியின் பதிவு எண்ணைப் போட்டால் எத்தனை தவணை போயிருக்கிறது என்று வெளியூரில் இருந்தே பார்க்கலாம். நான் அதை ஒருமுறை பார்த்திருந்தால் போதும். கிடங்கில் சிமெண்ட் எடுக்கும்போது வீட்டு ஆள் ஒருவர் கூடவே போய் மூட்டையை எண்ணி இறக்குங்கள்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் முதலில் பேங்க் ஸ்டேட்மெண்ட் வாங்குங்கள், வீடு இன்றைக்கு எப்படி நிற்கிறதோ அப்படியே படம் எடுத்துத் தேதியோடு வையுங்கள், அப்புறம் மனு கொடுங்கள். மனு எழுதத் தெரியாதவர்கள் கீழே சொல்லுங்கள், நாங்கள் கொடுத்ததை அனுப்புகிறேன்.