இரண்டு கிலோமீட்டர் கம்பியில்லா இணைப்பும் நடுவில் ஒரு தென்னந்தோப்பும்: ஐந்தாண்டு அனுபவம்

பொள்ளாச்சியில் உள்ள எங்கள் அலுவலகத்தையும், அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தேங்காய் நார்க் கிடங்கையும் 2019 முதல் 5.8 கிகாஹெர்ட்ஸ் கம்பியில்லா இணைப்பால் சேர்த்து வைத்திருக்கிறோம். பைபர் இழுப்பதென்றால் வாய்க்காலையும் சாலையையும் கடக்க அனுமதி வாங்க வேண்டியிருந்தது. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் பெரும்பகுதிக்கு உரிமம் தேவையில்லை என்று 2018 அக்டோபரில் மத்திய அரசு அறிவித்திருந்ததால், இந்த வழி எளிதாகப் பட்டது. 60 கிகாஹெர்ட்ஸ் கருவிகளையும் விசாரித்தோம். அந்த அலையைக் காற்றிலுள்ள ஆக்சிஜனே கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 15 டெசிபெல் (அலையின் வலிமை எவ்வளவு குறைகிறது என்பதற்கான அலகு) விழுங்கிவிடும் என்பதால், மழையைக் கணக்கில் சேர்க்கும் முன்பே அது தள்ளுபடியானது. கிடங்கு வளாகத்துக்குள் 300 மீட்டர் தூரத்துக்குப் பின்னர் அதையே பொருத்தினோம், நன்றாக உழைக்கிறது.

கருவியின் திரை நொடிக்கு 300 மெகாபிட் வேகம் என்று காட்டினாலும், அனுப்புவதும் பெறுவதும் ஒரே அலைவரிசையில் மாறி மாறி நடப்பதால், கோப்பை நகலெடுக்கும்போது அதில் பாதிதான் கைக்குக் கிடைக்கிறது. எட்டு கேமராக்களுக்கும் கணக்கு மென்பொருளுக்கும் அது தாராளம்.

தொல்லை நான்காம் ஆண்டு மழைக்காலத்தில் தொடங்கியது. மைனஸ் 55 டிபிஎம்-இல் (சிக்னல் வலிமையின் அளவு; மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக சிக்னல் பலவீனம்) நின்ற சிக்னல் மைனஸ் 70-ஐத் தொட்டது. கருவிதான் பழுது என்று நினைத்து ஒன்றை மாற்றியது வீண் செலவு. மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் எதிர்முனைக் கம்பம் தெளிவாகத் தெரிந்ததால் வழியைப் பற்றிச் சந்தேகமே எழவில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரிவது போதாது. இந்தத் தூரத்தில், நடுவழியில் ஃபிரெனல் மண்டலத்தின், அதாவது நேர்கோட்டைச் சுற்றி அலை பரவிச் செல்லும் பகுதியின், ஆரம் சுமார் 5 மீட்டர். அதில் அறுபது விழுக்காடாவது, அதாவது 3 மீட்டராவது, தடையின்றி இருக்க வேண்டும். இரு கம்பங்களுக்கும் இடையே 15 மீட்டர் உயரத்தில் ஓடும் எங்கள் நேர்கோட்டுக்குக் கீழே 3.5 மீட்டர் தாழ்ந்திருந்த தென்னைகள், சத்தமில்லாமல் வளர்ந்து 1.5 மீட்டர் இடைவெளிக்கு வந்துவிட்டன. அதிலும் நனைந்த ஓலை அலையை இன்னும் அதிகமாக உறிஞ்சுகிறது.

கிடங்குக் கம்பத்தை மட்டும் 3 மீட்டர் உயர்த்தினால் நடுவழியில் 1.5 மீட்டர்தான் கூடும் என்பதால் இரு முனைகளையும் உயர்த்தினோம். ஒருமுறை இடியில் நெட்வொர்க் சுவிட்ச் கருகியதற்குப் பிறகு, மாடியிலிருந்து இறங்கும் கேபிளின் இரு முனைகளிலும் மின்னெழுச்சித் தடுப்பானும் முறையான எர்த்திங்கும் இருக்கின்றன. சென்ற மழைக்காலத்தில் சிக்னல் மைனஸ் 58-க்குக் கீழே இறங்கவில்லை. தோப்புக்காரர் வரப்போரமாகப் புதுக் கன்றுகள் நட்டிருக்கிறார்.